வண்டிக்கடைக் காளான்

கலந்து செய்யும் தீனிகளுக்கு எங்கள் பக்கம் வைத்திருக்கும் பெயர்களில் ஒளிவுமறைவு கிடையாது. முட்டையையும் குழம்பையும் கலக்கிக் கல்லில் ஊற்றி, முழுசாக வேகும் முன் எடுத்தால் கலக்கி. பரோட்டாவைக் கொத்தினால் கொத்து. தட்டுவடையை நொறுக்கி, காய்த்துருவலும் சட்னியும் போட்டுப் பிசறினால் நொறுக்கல். என்ன செய்தானோ அதுதான் பெயர். கோயமுத்தூர் வண்டிக்கடைக் காளானையும் அதே மாதிரிதான் நம்பியிருந்தேன். தின்று பார்த்ததில்லை. என் மனைவிக்குக் காளான் ஆகாது. ஒரு கல்யாண வீட்டில், பிரியாணியில் கிடந்த ஒரு துண்டுக்கே தொண்டை வீங்கி மூச்சுவிட முடியாமல் தவித்தாள். அதற்குப் பிறகு காளான் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

தாண்ட வைத்தது அவள் தம்பி. பவானியிலிருந்து வந்தவன், காந்திபுரத்தில் பஸ் இறங்கி, சூடாக ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். அக்காவுக்கு ஆகாது என்பது அந்தப் புண்ணியவானுக்கு மறந்துபோயிற்று. சிவப்பாக, கொழகொழவென்று, மேலே வெங்காயமும் மல்லித்தழையும். ஏதோ மசாலா என்று பாதியைத் தின்ற பிறகுதான் இவள் கேட்டாள்.

"நல்லாருக்குதே, என்னடா இது?"

"காளான்க்கா."

அங்கேயே அறைந்திருப்பேன். நேரமில்லை. அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். காந்திபுரம் வந்ததும் பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"ஏனுங்க, தொண்டை இன்னும் ஒண்ணும் பண்ணலீங்க. அவன் சொன்ன வண்டி அதுதான். என்னத்தைப் போட்டாங்கன்னு கேட்டுப்போட்டுப் போலாம்."

வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம்.

"ஏனுங்க, இதுல காளான் போடறீங்களா?" என்று கடைக்காரனைக் கேட்டேன்.

"என்னங்கண்ணா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? பூராவும் காளானுங்க. காத்தால பறிச்சது."

"நெசமாவா?"

"சத்தியமுங்க!"

தட்டோடு நின்ற ஒருவர் சிரித்தார். "சாமி மேல பண்ணு பார்ப்போம்."

சாமி மேலும் பண்ணினான். வாடிக்கையாளர்கள் முன்னால் வேறென்ன சொல்வான்? அவன் சத்தியம் செய்யச் செய்ய, பைக்கில் இருந்தவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"இல்லைன்னு சொல்லித் தொலைய்யா!" என்று கத்தினேன். சண்டைக்கு வந்தவன் என்று நினைத்துக் கரண்டியை ஓங்கினான்.

இவள் பைக்கை விட்டு இறங்கி வந்தாள். "அண்ணா, எனக்குக் காளான் ஆகாதுங்க. மூச்சு நின்னுபோகும். உங்க கடையதுதான் தின்னுபோட்டு வந்துருக்கேன்."

கரண்டி இறங்கியது. கூட்டத்தைப் பார்த்தான், இவளைப் பார்த்தான்.

"பயப்படாதீங்க அம்மணி. அத்தனையும் முட்டக்கோசும் மைதாவுமுங்க. காளானை இந்தப் பக்கம் கொண்டாந்தே வருசமாச்சு."

"அப்ப இத்தனை நாளா நாங்க தின்னது?" என்றார் தட்டுக்காரர்.

"ஆறிப்போகுது, நீங்க தின்னுங்க."

ஆரம்பத்தில் காளான்தான் போட்டானாம். விலை ஏற ஏறக் கோசு கூடி, காளான் நின்றுவிட்டது. பெயரை மட்டும் விடவில்லை. வேறு நாளாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அன்றைக்கு அவனுடைய எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உயிர் வந்த மாதிரி இருந்தது.

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார்கள்.

"என்ன சாப்பிட்டீங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் சொன்னாள்: "முட்டக்கோசுங்க."

"அதுக்கா இப்படி ஓடி வந்தீங்க?" என்று நர்ஸ் என்னை முறைத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் முறைக்கட்டும் என்று நின்றேன்.