விலாவில் வைத்த மணி

கடையில் விற்கும் வெள்ளை முட்டையில் கரு இருக்காது. அந்தக் கோழிகள் சேவலைக் கண்டதே இல்லை. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் முற்றத்தில் சேவல் உண்டு. அதனால் தொண்ணூறுகளின் கடைசியில், திங்கட்கிழமை தோறும் உமி நிரப்பிய டப்பாவில் அம்மா தந்த முட்டைகளோடு திருவனந்தபுரம் ரயிலேறுவேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது அங்கே ஆய்வுக்கூடத்தில் கோழிக்கருவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அந்த டப்பாவைச் சாயாமல் நிமிர்த்தியே பிடித்துக்கொள்வேன்.

வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தில் ஊறவைத்த, கடுகைவிடச் சிறிய மணியைக் கருவின் விலாவில் வைத்தால், அங்கே உறங்கும் ஜீன்கள் விழித்து, கூடுதலாகச் சிறகோ காலோ முளைக்கும். வெளிநாட்டில் கண்டது. எனக்கு அதை என் கண்ணால் பார்க்க வேண்டும். எங்களிடம் இருந்த புரதம் ஒரு குழாயின் அடியில் கொஞ்சம்தான்.

முட்டை ஓட்டில் சன்னல் வெட்டிப் பார்த்தேன். உடலில் சிறகுக்கும் காலுக்குமான மொட்டுகள் எழும் முன்பே மணி வைக்க வேண்டும். ஒன்றாகச் சூட்டுப்பெட்டியில் வைத்த முட்டைகள்தான், ஆனால் எல்லாவற்றிலும் மொட்டு எழுந்துவிட்டிருந்தது, ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவில். காரணம் புரியாமல் குழாயைத் திறக்காமலே திரும்ப வைத்தேன்.

சனிக்கிழமை வீட்டில் காரணம் தெரிந்தது. இடிக்கு முட்டை கெடாமலிருக்க ஆணியும் கரித்துண்டும் போட்ட கூடையில் கோழி அடைகிடந்தது. அன்று வேறொரு கோழி இட்ட முட்டையை அம்மா அதன் அடியில் செருகினாள்.

"நீ கொண்டுபோற முட்டையாக்கும். ஆறிப்போவக் கூடாதுண்ணு வச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சூடு பட்ட அன்றே கரு வளரத் தொடங்கிவிடும் என்றேன். அவள் முனகிக்கொண்டே முட்டையைத் தண்ணீர்ப்பானை ஓரத்துக்கு மாற்றினாள்.

அடுத்த தடவை, இருந்த புரதம் இரண்டு முட்டைக்குத்தான் போதுமானதாக இருந்தது; மணி வைத்தேன். இரண்டிலுமே சிறகுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு புடைப்பு எழுந்தது. ஒன்றை எடுத்துச் சாயமேற்றினேன். ஜீன் வேலைசெய்யும் இடம் ஊதாவாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அது காலா, சிறகா மக்கா?" என்றாள் அம்மா.

எனக்குத் தெரியவில்லை. சாயமேற்றக் கருவின் வளர்ச்சியை அந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். அந்த முட்டை இனிச் சொல்லாது. மற்றதையும் திங்கட்கிழமை எடுப்பதாகத்தான் இருந்தது. எடுக்கவில்லை. என்ன ஆகிறதென்று பார்க்க வேண்டும் என்று பேராசிரியரிடம் சொல்லி, ஓட்டின் சன்னலை நாடாவால் மூடிச் சூட்டுப்பெட்டியிலேயே விட்டேன். பிறகு ஒருநாள் அந்தப் புடைப்பில் கால்விரல்கள் பிரிந்திருந்தன.

"காலாக்கும்," என்றேன் அம்மாவிடம்.

அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. "மூணு காலா. கறிக்குக் கொள்ளாம்."