வெள்ளிக்கிழமைப் பலகாரம்

முட்டையை உடைக்குமுன் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறார் ரஸாக் நாநா. உள்ளே தளும்பினால் ஒதுக்கிவிடுவார். "கதைக்கிற முட்டை கேக்குக்குச் சரிவராது" என்பது அவர் கொள்கை. கற்பிட்டியில் ஈரத்தோடு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சீனி கசிந்து கட்டிப்படும். அதனால் சீனிப் போத்தலை அலுமாரியில், உடுப்புகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். மனைவி ஹஃபீலாவின் கலியாணச் சாரியில் எறும்பு ஏறிய கதை ஊருக்கே தெரியும்.

வாரத்துக்கு ஒரு புதுப் பலகாரம். போனைக் கோதுமை மா டின்னில் சாத்தி வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். ஒருமுறை சேமியாவில் குனாஃபா என்ற அரபு இனிப்பைச் செய்தார். பக்கத்து வீட்டு அஃப்ராஸ், கடலில் இருந்து வந்த கையோடு ஒரு துண்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாநா, இத வாயால தின்னுறதா, உக்காந்து சிக்கெடுக்கிறதா?" என்றான். மிச்சத்தை ஆட்டுக்கு வைத்தார்கள். ஆடு முகர்ந்துவிட்டுப் போயிற்று. அன்று பூராவும் ரஸாக் நாநா ஆட்டோடு கோபம்.

பத்தொன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் நின்றவர். அந்த வீட்டில் மூத்தவனுக்குப் பிஸ்தா, சின்னவளுக்கு ரோஸ் தண்ணீர் விட்ட பாற்கேக், நடுவிலானுக்கு எதிலும் திராட்சை கண்ணில் படக்கூடாது. இப்போதும் ஏலக்காய் இடித்தால் அந்தப் பெரிய சமையலறை மணத்தோடு வந்துவிடும்; கையில் தட்டோடு காத்து நிற்கும் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஆனால் தன் ஒரே மகள் ஸும்றாவுக்கு என்ன பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்த வருடமே அவள் புத்தளத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் வருவாள். ஜும்மா முடிந்து வந்ததும் வாப்பா தட்டை நீட்டுவார். பஸ்பூஸா, பட்டர் கேக், தேங்காய்ப்பாலில் ஊறிய ரவைக் கேக், எதுவானாலும் அவள் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இரிக்கி வாப்பா" என்பாள். கலியாண வீட்டில் விருந்தாளி சொல்வதைப் போலவே சொல்வாள். அந்தக் குரல் அவரை அடுத்த வாரம்வரை அரித்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் குவைத்திலிருந்து வந்த ஒருவர் மர அச்சு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை ரஸாக் நாநா மஃமூல் செய்தார். ரவையையும் பட்டரையும் பிசைந்து, பேரீச்சம்பழம் வைத்து, அச்சில் அடித்தெடுக்கும் அரபு பிஸ்கட். பெருநாளுக்குப் பெருநாள் அங்கே சுட்டு, ஊருக்கு வருகிறவர்களிடம் டின்னில் போட்டு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் பூவிதழ் கீறல் கீறலாக விழுந்திருந்தது. தட்டில் வட்டமாக அடுக்கி வைத்தார்.

ஸும்றா ஒன்றை எடுத்து முகர்ந்தாள். கடிக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய் ஒரு கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்தாள். பூவிதழை உள்ளங்கைக்குள் வைத்து நொறுக்கிக் கோப்பையில் கொட்டினாள்.

"என்ன மகள், அத ஏன் ஒடைக்கிறிய?"

"இது இப்படித்தானே வாப்பா. நீங்க அனுப்புற டின்னத் தொறந்தா தூளாத்தான் இரிக்கும். நானும் உம்மாவும் கரண்டியால அள்ளித் தின்னுவம். அடியில இரிக்கிற ஈச்சம்பழக் கட்டிக்கு ரெண்டு பேரும் சண்ட."

ரஸாக் நாநா மனைவியைப் பார்த்தார். "போன்ல முழுசா வந்திச்சி எண்டுதானே சொன்னீங்க?"

ஹஃபீலா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ராவு முழிச்சிச் சுட்ட மனுசனுக்கிட்ட ஒடஞ்சி வந்திச்சி எண்டு சொல்ல ஏலுமா?"

ஸும்றா அதற்குள் கோப்பையை வழித்து முடித்திருந்தாள். வாயோரத்தில் ரவை ஒட்டியிருக்க, "இன்னம் தாங்க வாப்பா" என்றாள். அவள் அப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

ரஸாக் நாநா தட்டில் ஆக அழகாக வந்திருந்த ஒன்றைத் தேடி எடுத்தார். அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தி, மகளின் கோப்பைக்கு மேலே கைகளை விரித்தார்.