நாள் தெரியாத அறை

சித்தப்பா எப்போது சவரம் செய்வார் என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்ட கையோடு கண்ணாடி முன் உட்காருவார். மறுநாள் சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு. இடது காதோரம் தொடங்கி, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடைத் தண்ணீரில் அலசுவார். கடைசியில் புறங்கையால் கன்னத்தைத் தேய்த்துப் பார்ப்பார். ஒரு முள் தட்டினாலும் மறுபடி நுரை.

"இந்த நேரத்துல யாரை மயக்கப் போறீங்க?" என்பார் சித்தி.

"ஒருத்தன் படுத்த படுக்கையா கெடக்கிறான்ல, அவனைத்தான்."

விண்வெளி ஆய்வு மையம் ஒன்றில் அவர் உதவியாளர். ஒரே ஓர் அறைக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவது, விரிப்பு மாற்றுவது, மலத்தட்டு எடுப்பது, அவ்வளவுதான் வேலை. அந்த அறையில் ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. கட்டில் தலைப்பக்கம் தாழ்ந்திருக்கும். விண்வெளியில் மிதப்பவர்களுக்கு ரத்தம் தலைப்பக்கம் ஏறுமாம். அதைத் தரையிலேயே வரவழைக்க அந்தச் சரிவு. மேலே விண்வெளியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் சூரியன் உதிக்கும், அதை நம்பிப் படுக்க முடியாது. எந்தச் சூரியனையும் பார்க்காத உடம்பு எப்போது தூங்கும், அதன் சூடு எப்போது ஏறி எப்போது இறங்கும் என்று பார்க்க ஓர் ஆளை மாதக்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் எழுந்து உட்காரக் கூடாது. நேரம் தெரியக் கூடாது. அதனால் உள்ளே போகிறவர்கள் காலை வணக்கம் சொல்லக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, தாடையில் அரைநாள் முடியோடு போய் நிற்கக் கூடாது.

படுத்திருந்தவர் ஒரு பஸ் டிரைவர். எல்லோரும் அவரைப் பயணி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நான் எங்கண்ணே மேல போகப்போறேன்? ஆனா போறவன் என் தூக்கத்தைப் பாத்துட்டுத்தான் போவான்" என்று பெருமையாகச் சொல்வாராம்.

அவர் மனைவிக்கு அது தலைப்பிரசவம். வலி எடுத்தால் வீட்டிலிருந்து போன் வரும், உடனே கதவைத் திறந்துவிடுவார்கள் என்பது பேச்சு. அவராக வெளியே வர நினைத்தாலும் தலைமாட்டில் ஒரு மணி இருந்தது, அழுத்தினால் போதும்.

பயணி தூங்கி எழுந்ததை எண்ணி நாள் கணக்கு வைத்திருந்தார். தூக்கம் வரும் நேரம் தள்ளித் தள்ளிப் போனதில் அவருடைய நாள் நீண்டுவிட்டது, கணக்கு பின்தங்கிவிட்டது. உடம்புச் சூடும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு நாள் சொன்னார்: "பிரசவத்துக்கு இன்னும் மூணு வாரம் இருக்குண்ணே. அதுக்குள்ள நானே எந்திரிச்சு நடந்து போயிடுவேன்."

வெளியே அந்த வாரமே பிரசவ வாரம். சித்தப்பா அந்த ஆய்வை நடத்திய டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"அவர் கணக்கு தப்பாப் போகுதும்மா. கொழந்த பொறக்கிற நாள் வந்தாச்சு."

"தப்பாப் போகுதான்னுதானே பாக்கறோம். போன் வந்த நிமிஷமே கதவைத் திறந்துடறேன். நீங்க வாய் விட்டீங்கன்னா இத்தனை மாசமும் வீண்."

அந்த அம்மா கெட்டவர் என்று சித்தப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

மறுபடி உள்ளே போனபோது மாற்றிய விரிப்பையே திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தார். கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"ஏதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்ணே. என்ன இன்னிக்கு இவ்வளவு உபசாரம்?"

பழைய விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வலி எடுத்தபோது பயணியின் வீட்டில் யாரும் போன் செய்யவில்லை. பிறந்த பிறகு நல்ல சேதியாகவே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். குழந்தைக்கு மூச்சு சரியில்லை என்று தெரிந்த பிறகுதான் போன் வந்தது. டாக்டரம்மா சொன்னபடி கதவைத் திறந்தார். ஆனால் அத்தனை மாதம் சாய்ந்து கிடந்த உடம்பு நிமிரவில்லை. உட்கார வைத்ததும் முகம் வெளிறி மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து மறுபடி உட்கார வைத்தார்கள், மறுபடி விழுந்தார். கடைசியில் ஸ்ட்ரெச்சரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குழந்தையைத் துணியால் மூடியிருந்தார்கள். படுத்தபடியே வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாராம்.

முந்தின நாளே எழுப்பியிருந்தால் அது உயிரோடு அப்பாவைப் பார்த்திருக்கும். சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கு கடைசிவரை தீரவில்லை. துணி துவைக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, "ஒரே ஒரு வார்த்தை" என்பார்.

"பேசாதேன்னாங்க, பேசல. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்பார் சித்தி.

"பேசல. அதைத்தான் பண்ணினேன்."

நல்ல தூக்கம் என்று ஒன்றை அதன்பிறகு அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

சித்தப்பா இறந்த மறுநாள் அந்த பஸ் டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் செருப்போடு வெளியிலேயே நின்று என்னிடம் சொன்னார்:

"அன்னிக்கு உங்க சித்தப்பா மொகத்தப் பாத்ததுமே பிரசவ நாள் வந்துடுச்சுன்னு புரிஞ்சுது தம்பி. அவர் வெளிய போனதும் மணி மேல வெரல வச்சேன். பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடுமேன்னு எடுத்துட்டேன். இத அவர்கிட்ட சொல்லணும்னு எத்தனையோ தடவை இந்தத் தெரு முனை வரைக்கும் வந்திருக்கேன்."