வாசலைவிட உயர்ந்த குதிரை

இரும்புக் குதிரை பட்டறை வாசலில் முட்டிக்கொண்டு நின்றது. பட்டறைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாலைக்குள் அது நூலக முற்றத்தில் நின்றாக வேண்டும். தங்கையின் கைவேலை ஊர் பார்க்க வெளியே போவது அதுதான் முதல் தடவை.

"கட்டும்போது வாசல்னு ஒண்ணு இருக்கறது ஞாபகமே வரலியா?"

"கழுத்து நிமிர்ந்துக்கிட்டே போச்சுண்ணா."

"ஆமா, இவ சும்மாதான் இருந்தா. அதுவா வளர்ந்துடுச்சு!" என்றாள் அவர் மனைவி.

கேட்டும் ஜன்னலும் செய்கிற தகரக் கொட்டகை அது. கம்பி பிடித்துக் கொடுக்க வந்த தங்கை, பார்த்துப் பார்த்தே வெல்டிங் கற்றுக்கொண்டாள். வேலை முடிந்ததும் வெட்டுத்துண்டுகளை ஒட்டி ஒரு காக்கை செய்தாள்.

"காக்காயா இது, கதவுத் தாழ்ப்பாளா?" என்று கேட்டார் அவர்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றை மறந்து மதில்மேல் காக்கைகளையே பார்த்துக் கிடந்தாள். அடுத்த காக்கையை அவர் கையில் எடுக்கவே தயங்கினார், பறந்துவிடும் போலிருந்தது. அப்புறம் ஆடு, நாய், தையல் மெஷினில் குனிந்திருக்கும் ஒருத்தி என்று வீட்டு மொட்டைமாடியே இரும்பு ஊராகிவிட்டது. அதற்காகக் கேட் வேலையில் ஒருநாளும் அவள் குறை வைத்ததில்லை.

இந்தக் குதிரைக்குச் சைக்கிள் சங்கிலிதான் பிடரி, ஸ்பேனர்கள்தான் தாடை. கழுத்தை மட்டும் எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துக் கட்டினாள்.

சாய்த்துப் பார்த்தார்கள். விரிந்த கால்கள் வாசலை அடைத்துக்கொண்டன.

"கழுத்தை அறுத்துடு. அங்க போய் ஒட்டிக்கலாம்."

அவள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தாள். "காலை அறுத்தா மறுபடி நிக்கும்ணா. கழுத்தை அறுத்தா மறுபடி பார்க்காது."

அவர் அண்ணாந்து பார்த்தார். குதிரை அவர் தலைக்குமேலே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே, கண்ணளவிலேயே நூல் பிடித்தாற்போலக் கோடு போடுகிறவளின் கோடு கோணலாகப் போய்க்கொண்டிருந்தது.

அவர் கிரைண்டரை எடுத்து ஸ்டூல்மேல் ஏறினார். வாசலுக்குமேல் கொடி கொடியாக வளைந்த இரும்பு வளைவு, பட்டறை திறந்தபோது அவரே செய்தது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் ஆர்டரே கொடுப்பார்கள்.

"ஐயோ அண்ணா, அது கடையோட முகம்!"

"தள்ளி நில்லு, பொறி விழும்" என்றார், பொறிக்குள்ளேயே வளர்ந்தவளிடம்.

வளைவின் நடுப்பகுதி தகரத்தோடு கழன்று விழுந்தது. குதிரை குனியாமல் வெளியே போனது.

இப்போது வேறு ஊர்களிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். வாசலுக்கு மேலே அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. மழை பெய்தால் அண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள்.

"ஒரு தகரம் வச்சு அடைச்சுடட்டுமாண்ணா?" என்று கேட்டாள் தங்கை ஒருநாள்.

"அடுத்தது யானைன்னு சொன்னியே?" என்றார் அவர், வாசலின் அகலத்தைக் கண்ணால் அளந்தபடி.