ஊர்ப் பேச்சில் வந்த அழைப்பு

என் அண்ணன் ஜெபராஜ் மத்திய அரசு குமாஸ்தா. கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருந்தார். தெரியாத எண்ணிலிருந்து யாராவது ஹிந்தியில் பேங்க் என்று தொடங்கினாலே துண்டித்துவிடுவார். "டில்லியில ஒருத்தனும் என்னை ஏமாத்த முடியாது" என்பார்.

ஓய்வுபெறும் வருடத்தில், உடன்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன பனங்காட்டைச் சாலைக்காக எடுத்துக்கொண்டு, நினைத்தே பார்க்காத பெருந்தொகையைக் கணக்கில் போட்டார்கள். சர்ச்சில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அண்ணனுக்கு ஒன்றுதான் வேண்டும்: குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்முன் டில்லி துவாரகாவில் சொந்தமாக ஒரு வீடு.

ஒரு ஞாயிறு, மதினியும் நானும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, சுகமா இருக்கியளா? பேங்க்லேருந்து பேசுதேன். நெலத்துத் துட்டு வந்துட்டுல்லா?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. "எந்த ஊருடே நீ?"

"உங்க பக்கந்தான் அண்ணாச்சி."

அவன் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன்தான் சொன்னார். நான் பட்டாணித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"யாருன்னு கேளுங்கண்ணே."

"சும்மா இரு பிள்ள, நம்ம பய." அவன் கேட்டதும், போனுக்கு வந்த ரகசிய எண்ணை நிதானமாக வாசித்துக் காட்டினார்.

மாலைக்குள் கணக்கு காலியானது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்முன்பே மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அவருடைய போன் அடித்தது. எடுத்தேன். அதே குரல்.

"அண்ணாச்சி இருக்காவளா?"

"இறந்துட்டாங்க."

"அடடா. அப்போ பென்ஷன் மதினிக்குத்தானே வரும்?"

துண்டித்தேன். உள்ளறையில் மதினியின் போன் அடிக்கத் தொடங்கியது.