பெரிய கண் வலையா, சின்னக் கண் வலையா?

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா அக்காவின் மீனை நான் பெயிலாக்கினேன்.

அக்கா இறக்கக்கண்டியில் இரண்டு படகு வைத்திருப்பவர். அவரது சூரை மீன் கப்பலேற வேண்டுமென்றால், மீன் பழுதானால் அதில் சேரும் ஹிஸ்டமின் என்ற நஞ்சு எல்லைக்குள்தான் இருக்கிறது என்று எங்கள் ஆய்வுகூடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அத்தனை மீனையும் புதைக்க வேண்டியதுதான்.

ரிசல்ட்? எல்லைக்கு ஒரு மயிரிழை மேலே!

எனக்கோ அன்று முழுக்கத் தலைச்சுற்று. எங்கள் மெஷினின் யூ.வி. டிடெக்டரில் 'பாண்ட்வித்' என்றொரு செட்டிங் இருக்கிறது. ஒளியில் எவ்வளவு அகலமான துண்டைப் பார்ப்பது என்பதுதான் அது. அகலமாக வைத்தால் திரையில் வரும் வரைபடக் கோடு நடுங்காது, ஆனால் நஞ்சின் அளவைக் காட்டும் உச்சி பதிந்துவிடும். ஒடுக்கமாக வைத்தால் உச்சி நிமிரும், ஆனால் கோடு நடுநடுங்கும். எது சரி? கையேட்டைப் புரட்டினால் "தேவைக்கேற்ப" என்கிறது. யாருடைய தேவைக்கு ஐயா?

மத்தியானம் அக்கா நேரிலேயே வந்துவிட்டார்.

"என்ன மிஸ், பிடிச்ச கையோட ஐஸ் போட்ட மீன். எப்பிடிப் பழுதாகும்?"

கதிரையைக் காட்டிவிட்டு உளறத் தொடங்கினேன். காலையில், ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக, அளவு தெரிந்த ஹிஸ்டமினை அகலம் பதினாறில் வைத்து ஓட்டினேன்... கோடு வடிவாக வந்தது. பிறகு, கவனமாகப் பார்ப்போமே என்று மீனை மட்டும் ஒடுக்கி நாலில் வைத்து ஓட்டினேன்...

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார் அக்கா. "நேற்று பெரிய கண் வலையால இழுத்துப்போட்டு, இண்டைக்குச் சின்னக் கண் வலையால இழுத்தா, கடல்ல மீன் கூடிப்போச்செண்டு சொல்லுவீங்களோ?"

எனக்குத் திக்கென்றது. அடக் கடவுளே! அளவுகோலையும் மீனையும் ஒரே அகலத்தில் அல்லவா பார்த்திருக்க வேண்டும்? அகலமா, ஒடுக்கமா என்று மண்டையை உடைத்ததில் அது மறந்தே போயிற்று. வெட்கத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

"பிழை என்ரதான் அக்கா. திரும்ப ஓட்டுறன்."

அக்காவை அனுப்பிவிட்டு இரண்டையும் நாலில் ஓட்டினேன். ஏன் நாலு, ஏன் எட்டு இல்லை? சத்தியமாக இன்னும் குழப்பம்தான். ஆனால் இந்த முறை எல்லைக்குக் கீழே நின்றது மீன். உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"பாஸ் அக்கா!"

"ஓமோ? அப்ப மீன் திருந்திட்டுதோ மிஸ்?"

"மீன் இல்லை அக்கா... நான்."