மூன்று மாடி ஏறிய ஹெல்மெட்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போலீஸ் நின்றால்கூட ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிற நான், இன்று ஆரப்பாளையத்தில் மூன்று மாடிப் படியை ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஏறினேன்.

மேலே மனச்சோர்வுக்கான குழு சிகிச்சை. வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். இங்கே பதிவு போட்டு உங்களைச் சிரிக்க வைக்கிற நான், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவே மல்லுக்கட்டுவது ஊருக்குத் தெரிந்தால்? முகத்தை மறைக்கத்தான் அந்த ஹெல்மெட்.

உள்ளே போய்க் கழற்றினால், எதிரே எங்கள் திருநகர்த் தெரு அண்ணன் ஒருவர். எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்கு அதைவிட மோசம்.

"மாப்ள, நீயா? போச்சு! இனி திருநகருக்கே மைக்செட் கட்டுன மாதிரிதான்!"

"அண்ணே, நானும் வைத்தியத்துக்குத்தேன் வந்திருக்கேன்."

"இம்புட்டுச் சிரிச்சிக்கிட்டுத் திரிவியேடா… உனக்குமா?"

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

குழுவில் எங்கள் இருவருக்கும் கொடுத்தது ஒரே வீட்டுப்பாடம்: விடிந்ததும் ஒருவரை ஒருவர் எழுப்பி நடக்கப் போக வேண்டும். எழ முடியாமல் போய்விடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது.

"எந்திரிக்கலைன்னா உன் வாசல்ல வந்து கத்துவேன்," என்றார். "இதையும் எழுது" என்றதும் அவர்தான். பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

வண்டியை எடுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டின் பின்பக்கம் என் கடைப் பெயரையும் போன் நம்பரையும் மகன் பெரிதாக ஒட்டிவைத்திருக்கிறான்.

படியில் என் பின்னால் ஏறியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?